கண் அளக்கும் தூரம்

வாசகர் கேள்வி – கண் மருத்துவர் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, தூரத்தைக் கணிக்கும் கண்ணின் திறனுக்கும் வாகனம் ஓட்டுவதற்கும் உள்ள தொடர்பைப் பற்றியவையாக இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 44. பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிறேன். சொந்தக் கார் உண்டு. சில மாதங்களுக்கு முன் பட்டறையில் இரும்புத் துகள் தெறித்ததில் இடது கண்ணின் பார்வை முற்றிலும் போய்விட்டது. வலது கண் நன்றாக இருக்கிறது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாது, இனிக் கார் ஓட்டவே கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். பட்டோடி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடவில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: பட்டோடியைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மைதான். 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நிகழ்ந்த கார் விபத்தில் மன்சூர் அலி கான் பட்டோடியின் வலது கண் பார்வை நிரந்தரமாகச் சிதைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார்; 1962 ஜனவரியில் நம் சென்னையிலேயே இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார். ஆனால் இதை வைத்து, பார்வை போன மறுவாரமே யாரும் காரை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்வது தவறு. உங்கள் வீட்டாரின் அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் அவர்கள் அஞ்ச வேண்டிய இடம் வேறு.

நம் இரு கண்களும் சுமார் ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால், ஒரே பொருளின் சற்றே வேறுபட்ட இரண்டு பிம்பங்கள் மூளைக்குப் போகின்றன. அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தை உணர்கிறது என்பதை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கில அறிவியலாளர் தாம் உருவாக்கிய கருவியைக் கொண்டு மெய்ப்பித்தார். இந்த இருகண் ஆழ உணர்வு கைக்கெட்டும் தூரத்தில் வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமானது. ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் அதன் பிழை நான்கு மடங்காகிறது. நல்ல பார்வையுள்ள ஒருவரால் பத்து மீட்டரில் சுமார் 15 சென்டிமீட்டர் வேறுபாட்டை இதன் மூலம் அறிய முடியும் என்று வைத்துக்கொண்டால், ஐம்பது மீட்டரில் அவருக்கு ஏறக்குறைய நான்கு மீட்டர் வேறுபாடுதான் தெரியும். நூறு மீட்டரில் பதினைந்து மீட்டருக்குக் குறைவான வேறுபாடு தெரியவே தெரியாது. நெடுஞ்சாலையில் நீங்கள் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள பொருள்களைப் பற்றியவை. அங்கே இரண்டு கண் உள்ளவரும் ஏறக்குறைய உங்கள் நிலையில்தான் இருக்கிறார்.

அப்படியானால் எல்லோரும் தூரத்தை எப்படி அறிகிறோம்? லாரியின் வழக்கமான அளவு நமக்குத் தெரியும், அது சிறிதாகத் தெரிந்தால் தொலைவில் இருக்கிறது என்று கொள்கிறோம். ஒன்றை மறைத்து நிற்பது அருகில் இருக்கிறது. சாலையின் இரு விளிம்புகளும் தொலைவில் குவிகின்றன. நாம் நகரும்போது அருகிலுள்ள புளியமரங்கள் விரைந்தும் தொலைவிலுள்ள குன்று மெதுவாகவும் பின்னோக்கிப் போகின்றன. இந்தக் குறிப்புகள் எவற்றுக்கும் இரண்டாவது கண் தேவையில்லை. அமெரிக்காவில் கனரக லாரி ஓட்டுநர்களை வைத்து நடத்தப்பட்டு 1991-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு கண் பார்வையுள்ள ஓட்டுநர்கள் மருத்துவமனைச் சோதனைகளில் ஆழ உணர்வில் பின்தங்கியிருந்தபோதும், சாலையில் தடம் மாறாமல் ஓட்டுவதிலும் இடைவெளியைக் கணிப்பதிலும் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை என்று கண்டது. சாலைப் பலகைகளைப் படிக்கும் தூரத்தில்தான் அவர்கள் பின்தங்கினார்கள். அவர்கள் அனுபவம் மிக்க ஓட்டுநர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2022-இல் அந்த நாட்டில் ஒரு கண் பார்வையுள்ளவர்கள் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் வணிக லாரிகளையும் ஓட்ட வழிசெய்து விதி திருத்தப்பட்டது.

உங்கள் வீட்டார் உண்மையில் கவலைப்பட வேண்டியது பார்வைப் புலத்தைப் பற்றி, அதாவது ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பரப்பைப் பற்றி. நம் நாட்டுக் காரில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். உங்கள் இடது கண் செயல்படாததால், மூக்கு மறைக்கும் பகுதி முழுவதும் காரின் இடப்புறத்தில் விழுகிறது. இருசக்கர வாகனங்கள் நுழைந்து வருவதும், பேருந்திலிருந்து இறங்கியவர்கள் சாலையில் கால் வைப்பதும் அந்தப் பக்கத்தில்தான். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு விழித்திரையிலும் பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் குருட்டுப் புள்ளி ஒன்று உள்ளது. இரு கண்கள் இருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்துவிடும். உங்களுக்கு இப்போது அந்த உதவி இல்லை. முப்பது மீட்டர் தொலைவில் அந்தப் புள்ளி சுமார் மூன்று மீட்டர் அகலத்தை மறைக்கும். பக்கச் சாலையிலிருந்து வரும் ஓர் இருசக்கர வாகனம் முழுதாக அதற்குள் அடங்கிவிடும். கண்ணை ஒரே இடத்தில் நிலைநிறுத்தாமல், தலையைத் திருப்பி இடமும் வலமும் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் ஒன்றுதான் இதற்கு மருந்து.

சட்டத்தின் நிலை இது: மத்திய மோட்டார் வாகன விதிகளின் படிவம் 1-இல், இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் உள்ள காரின் எண் பலகையை ஒவ்வொரு கண்ணாலும் படிக்க முடிகிறதா என்ற கேள்வி இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் உரிமம் வைத்திருந்து, அதன்பின் ஒரு கண் பார்வையை இழந்தவர், ஸ்டீயரிங் இருக்கும் பக்கத்தில் வெளிக்கண்ணாடி பொருத்திய இலகுரக வாகனத்தை, அதுவும் வாடகைக்கோ சரக்குக்கோ பயன்படாத வாகனத்தை ஓட்ட விண்ணப்பித்தால், ஒரு கண்ணால் படித்தாலே போதும் என்று அதே படிவம் இடமளிக்கிறது. நீங்கள் அந்த வரையறைக்குள் வருகிறீர்கள். நாற்பது வயதைக் கடந்துவிட்டதால் புதுப்பிக்கும்போது மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் 1ஏ-வும் வேண்டும். அதற்கு முன்னதாகவே ஒரு கண் மருத்துவரிடம் வலது கண்ணின் கூர்மையையும் பார்வைப் புலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போதும் படி இறங்கும்போதும் இன்னும் தடுமாறுகிறீர்கள் என்றால், நீங்கள் காருக்கு இன்னும் தயாராகவில்லை. பழகுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும், பரபரப்பில்லாமல் காத்திருங்கள். பிறகு அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பகலில், நெரிசலில்லாத சாலையில் தொடங்குங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியை மீட்டரில் கணிக்க முயலாமல் நொடியில் எண்ணுங்கள்: அது ஒரு மரத்தைக் கடந்ததும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்த மரத்தை அடைந்துவிடக் கூடாது. இந்த அளவுக்கு ஆழ உணர்வே தேவையில்லை.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான், வயது 61. இருவழிச் சாலையில் மாலை நேரத்தில் ஒரு லாரியை முந்த முயன்றபோது, எதிரே வெகு தூரத்தில் தெரிந்த மோட்டார் சைக்கிள் கண் இமைக்கும் நேரத்தில் அருகில் வந்துவிட்டது. அவர் மண்ணில் இறங்கியதால் இருவரும் தப்பித்தோம். கண் பரிசோதனையில் இரு கண்களிலும் 6/6 பார்வை, ஆழ உணர்வும் இயல்பு என்றார்கள். பின் ஏன் தவறாகக் கணித்தேன்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கண்ணில் குறையில்லை. மனிதக் கண்ணால் செய்ய முடியாத ஒரு வேலையை நீங்கள் அதனிடம் ஒப்படைத்தீர்கள். ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானவர்கள் இதைத்தான் செய்கிறார்கள் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

நீங்களும் எதிரே வந்தவரும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தீர்கள் என்று கொள்வோம். இருவருக்கும் இடையிலுள்ள தூரம் ஒவ்வொரு நொடியும் 44 மீட்டர் குறைகிறது. ஒரு லாரியை முந்தி மீண்டும் உங்கள் தடத்துக்குத் திரும்ப எட்டு நொடி பிடித்தால், தொடங்கும்போதே எதிர் வாகனம் 350 மீட்டருக்கும் அப்பால் இருந்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் ஒரு பேருந்தின் முகப்பே, நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்தில் பாதியைக்கூட நிரப்பாது. இருகண் ஆழ உணர்வு அங்கே அடியோடு பயனற்றுப்போகிறது.

எதிரே வரும் பொருளின் வேகத்தை அறிய மூளைக்கு இருக்கும் வழி வேறு. நெருங்க நெருங்க அதன் பிம்பம் விழித்திரையில் விரிகிறது. பிம்பத்தின் அளவை அது விரியும் வேகத்தால் வகுத்தால், மோதுவதற்கு இன்னும் எத்தனை நொடி என்பது கிடைத்துவிடும்; தூரமும் வேகமும் தனித்தனியாகத் தெரிய வேண்டியதே இல்லை. ஓட்டுநர்கள் பிரேக் பிடிப்பதை இந்த அடிப்படையில் விளக்கி டேவிட் லீ என்ற உளவியலாளர் 1976-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அழகான கணக்குதான், ஆனால் பிம்பம் விரிவதைக் கண் உணர ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்ளும் வரம்பு நொடிக்கு 0.003 ரேடியன் (ரேடியன் என்பது கோணத்தை அளக்கும் அலகு). இதை நம் எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்த்தால், இரண்டரை மீட்டர் அகலமுள்ள பேருந்து விரைந்து வருகிறது என்பது ஏறத்தாழ 190 மீட்டரில்தான் உணரப்படும். அப்போது மிச்சமிருப்பது நான்கு நொடிக்குச் சற்று அதிகம். முக்கால் மீட்டர் அகலமுள்ள மோட்டார் சைக்கிளோ சுமார் 105 மீட்டர் வரும்வரை அசையாமல் நிற்கும் ஒரு புள்ளியாகவே தெரியும். அதன்பின் உங்களுக்கு இரண்டரை நொடிகூட இல்லை. அது திடீரென்று பாய்ந்து வந்ததுபோல் உங்களுக்குத் தோன்றியதன் காரணம் இதுதான்.

சிறிய பொருள் தொலைவில் இருக்கிறது, தாமதமாக வந்து சேரும் என்று மூளை எடுத்துக்கொள்ளும் பழக்கமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இதன் மறுபக்கமாக, ரயில் போன்ற மிகப் பெரிய பொருள்கள் உண்மையைவிட மெதுவாக வருவதுபோல் தோன்றும். ஆளில்லா இருப்புப்பாதைக் கடவுகளில் இது பல உயிர்களைப் பலிகொண்டிருக்கும் என்றே நான் கருதுகிறேன். இருட்டினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. காரின் இரு முகப்பு விளக்குகளுக்கு இடையிலுள்ள இடைவெளி அகலுவதைக் கொண்டாவது அது நெருங்குவதை அறியலாம். மோட்டார் சைக்கிளுக்கு ஒற்றை விளக்கு. அந்த உதவியும் இல்லை. ஒரு விளக்கு பழுதான லாரியைக் கண்டு, இருசக்கர வாகனம்தானே என்று ஓரமாகக் கடந்துவிடலாம் என எண்ணி அதன் மேலேயே மோதுவதும் நம் சாலைகளில் நடக்கிறது. 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கு எப்போதும் எரியும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. ஒரு வண்டி வருகிறது என்பதை அது உணர்த்தும். எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் என்பதைச் சொல்லாது.

ஆகவே எதிர் வாகனத்தின் வேகத்தைக் கணிக்க முயலவே முயலாதீர்கள். அது அந்தச் சாலையில் வரக்கூடிய மிக அதிக வேகத்தில் வருகிறது என்றே ஒவ்வொரு முறையும் கொள்ளுங்கள். தூரத்தை அறிவதற்கு ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். நெடுஞ்சாலைகளில் கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்கள் நடப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வேறொருவர் ஓட்ட நீங்கள் பக்கத்தில் அமர்ந்து செல்லும்போது, இரண்டு கல் தள்ளி, அதாவது 400 மீட்டரில், ஒரு பேருந்தும் ஒரு மோட்டார் சைக்கிளும் எவ்வளவு சிறிதாகத் தெரிகின்றன என்று பாருங்கள். பெரும்பாலோர் நானூறு மீட்டர் என்று நம்பிக்கொண்டிருப்பது அதைவிட மிகக் குறைந்த தூரமாக இருக்கும். அந்த அளவு கண்ணில் பதிந்த பிறகும், மாலை மங்கிய வேளையில் இருவழிச் சாலையில் எதிரே ஒற்றை விளக்கு தெரிந்தால் முந்தாதீர்கள். லாரியின் பின்னாலேயே போவதால் இழப்பது சில நிமிடங்களே.

கேள்வி: எனக்கு இடது கண்ணில் கண்புரை அறுவை செய்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். வலது கண்ணிலும் புரை இருக்கிறது; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டேன். இப்போது ஸ்கூட்டரில் போய்ப் பெரிய சாலையில் சேரும்போது, குறுக்கே போகும் வண்டிகள் இருக்கும் இடம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டிகளிடம் இந்தக் குழப்பம் இல்லை. இது மனப்பிரமையா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: மனப்பிரமை இல்லை, அம்மா. ‘நிற்பவை சரியாகத் தெரிகின்றன, நகர்பவை மட்டும் குழப்புகின்றன’ என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது மிகவும் பயனுள்ள தகவல்.

மங்கலான பிம்பம் பெறும் கண்ணிலிருந்து செய்தி மூளைக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். தாமதம் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனால் அதற்குள் குறுக்கே போகும் வண்டி நகர்ந்துவிடுவதால், இரு கண்களும் அதை வெவ்வேறு இடங்களில் காண்கின்றன. அந்த வேறுபாட்டை மூளை ஆழம் என்று எடுத்துக்கொள்கிறது. 1922-இல் இதை விளக்கியவர் கார்ல் புல்ஃப்ரிச் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர். அவர் ஒரு கண் பார்வையை முன்பே இழந்தவர். தாம் விளக்கிய விளைவைத் தாமே ஒருபோதும் கண்டதில்லை.

உங்கள் நிலையில் இதன் திசை முக்கியமானது. வலது கண் மங்கியிருந்தால், இடமிருந்து வலமாகப் போகும் வண்டி உண்மையைவிட அருகிலும், வலமிருந்து இடமாகப் போகும் வண்டி உண்மையைவிடத் தொலைவிலும் தெரியும். பக்கத் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு வருகிறவருக்கு, இடப்புறப் போக்குவரத்து உள்ள நம் நாட்டில், முதலில் எதிர்ப்படும் தடத்தில் வண்டிகள் வலமிருந்துதான் வருகின்றன. உங்களை முதலில் இடிக்கக்கூடிய வண்டியே தள்ளியிருப்பதாகக் காட்டப்படுகிறது என்பதால், இதைச் சிறு தொந்தரவாக எண்ணித் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு நூலில் சிறு கனமான பொருளைக் கட்டி, வெளிச்சமான சுவருக்கு முன்னால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்து, அது இடமும் வலமுமாக ஆடுவதை இரு கண்களாலும் பாருங்கள். நேர்கோட்டில் ஆடும் பொருள் நீள்வட்டத்தில் சுற்றுவதாகத் தெரிந்தால் நான் சொன்னது உங்களுக்குப் பொருந்துகிறது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பரிசோதனை தேவை. ஏனென்றால் பார்வை நரம்பு அழற்சியிலும் இவ்விளைவு ஏற்படும். தவிர, அறுவைக்குப் பின் இரு கண்களின் பவர் பெரிதும் வேறுபட்டாலும் பிம்பங்களின் அளவு மாறி ஆழ உணர்வு கெடும். அறுவை செய்த மருத்துவரிடம் இரண்டாவது கண்ணுக்கான நாளை இப்போதே கேட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை ஸ்கூட்டரைத் தவிர்த்துவிடுங்கள் என்று உறுதியாகவே சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பத்தொன்பது வயது. சிறு வயதில் மாறுகண் இருந்து, ஒரு கண் பார்வை சரியாக வளராத சோம்பேறிக் கண்ணாகிவிட்டது. முப்பரிமாணப் படங்களுக்குப் போனால் அவனுக்கு ஒன்றும் எழும்பித் தெரிவதில்லை. எல்.எல்.ஆர். எடுக்க வேண்டும் என்கிறான். அனுமதிக்கலாமா?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: திரையில் படம் எழும்பித் தெரியவில்லை என்பதை வைத்து மட்டும் மறுக்க வேண்டியதில்லை. உங்கள் மகனின் மூளை இருகண் ஆழ உணர்வை நம்பியே வளரவில்லை. ஓடும்போதும் பந்து பிடிக்கும்போதும் மற்றக் குறிப்புகளைக் கொண்டே தூரத்தை அறியப் பழகியிருக்கிறது. பார்வையைப் புதிதாக இழந்தவருக்கு வரும் தடுமாற்றம் அவனுக்கு இருக்காது. தடை வேறு இடத்தில் வரலாம். முதல் பதிலில் சொன்ன படிவத்தின்படி, புதிதாக உரிமம் கேட்பவர் ஒவ்வொரு கண்ணாலும் எண் பலகையைப் படிக்க வேண்டும். சோம்பேறிக் கண்ணுக்குக் கண்ணாடியுடன் எவ்வளவு தெரிகிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். சிகிச்சைக்கு ஏற்ற வயது ஏழுக்கு முன்தான் என்றாலும், பதின்ம வயதிலும் சிலருக்கு ஓரளவு முன்னேற்றம் கிடைத்திருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. உண்மையை மறைத்துப் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுத மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பக்கக் கண்ணாடியில் தள்ளியிருப்பதாகத் தெரியும் வண்டி, திரும்பிப் பார்த்தால் பக்கத்திலேயே இருக்கிறது. இதுவும் கண்ணின் குறையா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கண்ணாடியின் தன்மை அது. அதிகப் பரப்பைக் காட்டுவதற்காகப் பக்கக் கண்ணாடிகளைக் குவியாடியாகச் செய்கிறார்கள். குவியாடியில் பிம்பம் சிறுத்துவிடுவதால் மூளை அதைத் தொலைவு என்று கணக்கிடுகிறது. காரின் உள்ளே நடுவில் இருப்பது சமதள ஆடி. வண்டி இருக்கிறதா என்பதைப் பக்கக் கண்ணாடியிலும், எவ்வளவு தூரத்தில் என்பதை நடுக்கண்ணாடியிலும் பாருங்கள். பின்னோக்கு கேமராவின் திரையும் அகன்ற கோணத்தில் எடுத்த தட்டையான படம் என்பதால், அதில் சுவர் உண்மையைவிடத் தள்ளியே தெரியும். அதில் வரும் வண்ணக் கோடுகள் உங்கள் வண்டியில் எவ்வளவு தூரத்தைக் குறிக்கின்றன என்பதை, ஒரு காலி அட்டைப் பெட்டியைப் பின்னால் வைத்து ஒருமுறை அளந்து தெரிந்துகொள்ளுங்கள்.